உதவித்தொகை பிச்சையன்று

காஞ்சிபுரம் பட்டுச்சேலையின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் நெய்து, இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைக்கும் கலை அது. இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரின் இரு கைகள் போதா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள அருகே இன்னொருவர் அமர வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே அமர்ந்தது பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். நம் இல்லத் திருமணங்களில் நாம் வியந்து தடவிப் பார்த்த கரை, பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையின் கை தொட்ட கரையாக இருந்திருக்கக்கூடும்.

அப்பிள்ளை விரும்பியா அங்கே அமர்ந்தது? தந்தை வாங்கிய முன்பணம் அமர்த்தியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லும் வந்தன. ஆயினும் பட்டுத்தறிகளில் பிள்ளைகள் கடனுக்குப் பிணையாக இருப்பதை 2003-இல்கூட ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது.

பிள்ளைகளை மீட்க, 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அதன் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. எழுத்தும் தொழிற்பயிற்சியும் மதிய உணவும் தந்ததோடு, மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. அது பின்னர் 150 ஆகி, 400 ஆயிற்று. ஆனால் அந்த நூறு ரூபாயைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் சேர்த்து வைத்து, முறைப்பள்ளியில் சேரும்போதுதான் கையில் தருவது என்று விதி செய்தார்கள். பசி மாதந்தோறும் வருகிறது. பணம் மட்டும் படிப்பின் முடிவில் வந்தால் போதுமா?

“படிப்பதற்குக் கூலியா? இது மக்களைச் சோம்பேறிகளாக்கும் இலஞ்சம்” என்று நம்மிடையே நல்லவர்களே சொல்லக் கேட்கிறோம். அவர்களிடம் ஒன்று கேட்போம். அரசு அலுவலர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அவருடைய சம்பளம் நிற்கிறதா? நிற்பதில்லை. அதைப் பிச்சை என்று எவரும் இகழ்வதுமில்லை. மாதச் சம்பளக்காரருக்கு உரிமையாக இருப்பது தறிக்காரரின் பிள்ளைக்கு மட்டும் எப்படி இலஞ்சமாகும்? கல்வி இலவசம் என்கிறோம். ஏழைக்கு அது இலவசமன்று. இழந்த கூலியே அவன் கட்டும் கட்டணம். அதை ஈடு செய்வது நீதியேயன்றி இரக்கமன்று.

பணம் மட்டுமே பிள்ளையைப் படிக்க வைத்துவிடாது என்பது உண்மை. வருகைப் பதிவேட்டில் மட்டும் பிள்ளைகள் இருந்தால் எத்தொகையும் வீண். ஆனால் குறை கண்ட இடத்தில் திருத்தம் வேண்டுமேயன்றி, தொகையையே பழிப்பது முறையாகாது.

தொகை கைக்குச் சேரும் வழியை அண்மை ஆண்டுகள் காட்டின. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும், உயர்கல்வி பயில்வோரின் சொந்த வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் செலுத்தும்படி அமைந்தன. அரசுப் பள்ளி மாணவியருக்கென வந்த முதல் திட்டம், 2024 டிசம்பர் 30-இல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் விரிந்தது. எனினும் அந்தத் தொகையை எட்டப் பள்ளியைக் கடந்து உயர்கல்வியில் சேர வேண்டும். தறி அழைப்பதோ பன்னிரண்டு வயதில்! அதற்கிடையே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் வாசல் திறந்தது. வீட்டுக்குள்ளேயே தறி உள்ள ஊரில் அந்த வாசல் எவ்வளவு அகலமானது! பிள்ளைகளுக்கென இருந்த தனித்திட்டமும் 2021-இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே நாம் வற்புறுத்த வேண்டியவை மூன்று. தொகை, இழக்கும் கூலிக்கு ஈடாக இருக்க வேண்டும். மாதந்தோறும் தவறாது கைக்கு வர வேண்டும். குடும்பத்தின் முன்பணக் கடனைத் தனியே தீர்த்துவிட வேண்டும். இல்லையேல் உதவித்தொகை பிள்ளையைத் தாண்டிக் கடன்காரரிடம் போய்ச் சேரும்.

பட்டுக்கடையில் நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாருடைய கூலியில் குறைகிறது என்று எண்ணிப் பார்ப்போம். அதை எண்ணாதவருக்கு, படிக்கும் ஏழைக்குக் கொடுக்கும் பணத்தைக் கணக்குக் கேட்க உரிமையில்லை.