எழுதியவருக்கு மட்டும் வராத கடிதம்

ஒரு மின்னஞ்சல் குழுவுக்குக் கடிதம் போடுகிறீர்கள். குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அது போகிறது. போட்ட உங்களுக்கு மட்டும் வருவதில்லை. நீங்களும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்தானே, சந்தா கட்டியவர்தானே, உங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. அங்கே காலை வணக்கத்துக்கும் பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கும் நடுவே தண்ணீர் லாரிக் கணக்கு காணாமல் போய்விடுகிறது என்று, கணக்கு வழக்கும் தீர்மானங்களும் மின்னஞ்சலில்தான் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். முடிவில் குறை இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே' என்று என் தலையில் கட்டினார்களே, அங்கேதான் வந்தது வினை.

சங்கத்தில் பாதிப் பேர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கோப்பில் ஒரு காகிதம் வைத்தால் அதன் அலுவலக நகல் தன் கையில் இருக்க வேண்டும் என்று முப்பது வருடம் பழகியவர்கள். அவர்களில் ஒருவர் இரவு கடிதம் அனுப்புவார். அரை மணி நேரம் இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். வராது. சரி, போகவில்லை என்று இன்னொரு முறை அனுப்புவார். அதுவும் வராது. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்றாவது. பிறகு எனக்குப் போன். "ஏம்ப்பா, நான் போட்ட மெயில் எனக்கே வரலையே, என்னை லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டியா?" அதற்குள் மற்ற வீடுகளிலிருந்து வேறு போன்கள். "அந்த சார் ஏன் ஒரே மெயிலை மூணு தடவை அனுப்பறார்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சங்கத் தேர்தல் நெருங்கும் மாதத்தில் இது வேறு உருவம் எடுக்கும். செலவுக் கணக்கைக் கேள்வி கேட்டு ஒருவர் எழுதுவார். அந்தக் கடிதம் அவருக்குத் திரும்பி வராது. உடனே அவர் வருகிற முடிவு: செயலாளர் தடுத்துவிட்டார். எதிரணி விழித்துக்கொண்டது. குழு நிர்வாகி விலைபோய்விட்டான். கடிதம் எல்லார் வீட்டுக்கும் போய் எல்லாரும் படித்து, பதில் எழுதச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பமாட்டார். யாராவது ஒருவர் பதில் போட்ட மறுகணம், அவருடைய பழைய கடிதமும் சேர்ந்து முளைத்து வரும். அதற்கும் விளக்கம் தயார்: "நான் சத்தம் போட்டப்புறம்தான் விட்டான், பார்த்தீங்களா?"

உண்மையில் நடப்பது இதுதான். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் 'மெசேஜ் ஐடி' என்று ஓர் அடையாளம் உண்டு. இணைய அஞ்சலின் வடிவத்தை வரையறுத்து டேவிட் க்ராக்கர் 1982இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 ஆவணத்திலேயே அது இருக்கிறது. ஒரு கடிதத்தின் ஐடி உலகில் வேறு எந்தக் கடிதத்துக்கும் இருக்கக் கூடாது. நீங்கள் குழுவுக்கு அனுப்பும்போது அந்த ஐடியோடு ஒரு நகல் உங்கள் 'சென்ட்' பகுதியில் தங்கிவிடுகிறது. குழு அதே கடிதத்தை அதே ஐடியோடு எல்லாருக்கும் திருப்பி அனுப்புகிறது. 2004 ஏப்ரல் 1 அன்று வந்த ஜிமெயில், ஒரே ஐடியில் இரண்டு கடிதத்தைக் காட்டுவதில்லை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதே, இன்பாக்ஸில் எதற்குக் குப்பை என்பது அதன் கணக்கு. இது கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறோம் என்று ஜிமெயிலின் உதவிப் பக்கமே சொல்கிறது. மாற்றிக்கொள்ள அமைப்புகளில் பொத்தான் எதுவும் கிடையாது. ஃபில்டர் போட்டும் பிடிக்க முடியாது.

இடத்தை மிச்சப்படுத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் நான் அனுப்பிய பிரதியும் குழுவைச் சுற்றி வந்த பிரதியும் ஒன்று என்று யார் சொன்னது? சுற்றி வந்த பிரதியில் தலைப்புக்கு முன்னால் குழுவின் பெயர் ஒட்டியிருக்கும், அடியில் குழுவின் முகவரி சேர்ந்திருக்கும், இணைப்பு சில சமயம் கழன்றிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. 'சென்ட்' பகுதியில் இருப்பது தபால் பெட்டியில் போட்டதற்கு அத்தாட்சி. பதிவுத் தபாலில் கையெழுத்தாகித் திரும்பி வருமே ஒப்புகை அட்டை, அது அல்ல.

தமிழர்களுக்கு இந்தத் திரும்பி வந்த நகலின் அருமை ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. தொண்ணூறுகளில் தமிழ்.நெட் மடற்குழுவில் உலகெங்கும் இருந்து எழுதினார்கள். தமிழுக்கான எழுத்துக் குறியீடு எப்படி இருக்க வேண்டும் என்ற டிஸ்கி விவாதமே மின்மடல்களில்தான் நடந்தது. தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கு ஆள் சேர்ந்ததும் அந்த வட்டத்தில்தான். அப்போது யூனிகோடு பரவவில்லை. எட்டு பிட் எழுத்துகளை வழியில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வர் சிதைத்துவிடுவது சகஜம். எழுதியவருக்குத் தன் மடல் திரும்பி வந்து, அதைத் திறந்து பார்த்தால்தான் ககரம் ககரமாகவே போயிருக்கிறதா என்று தெரியும். அன்றைக்கு யாராவது 'உங்களிடம்தான் மூலம் இருக்கிறதே' என்று நகலை மறைத்திருந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும்.

சரி, நமக்கு நாமே ஒரு 'சிசி' போட்டுக்கொண்டால்? எங்கள் சங்கத்தில் ஒருவர் கண்டுபிடித்த வழி இது. நகல் வந்துவிடும், மனம் நிறையும். ஆனால் அது அவரிடமிருந்து அவருக்கே நேராக வந்த நகல். குழுவுக்குள் போகவே இல்லை என்றாலும் அது வரும். இதில் இன்னொரு கூத்து. பல குழுக்கள் ஓடுவது மெயில்மேன் என்ற இலவச மென்பொருளில். அதில் 'இரட்டைப் பிரதியைத் தவிர்' என்று ஓர் அமைப்பு உண்டு. பெறுநர் வரிசையில் உங்கள் முகவரியைப் பார்த்ததும், 'இவருக்குத்தான் நேராகப் போகிறதே' என்று குழு தன் பிரதியை நிறுத்திக்கொள்ளும். சாட்சியைத் தேடிப் போய்ச் சாட்சியையே கலைத்த கதை.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வரும் இடம் வேறு. கடிதம் ஒழுங்காகப் போனாலும் மௌனம், போகாவிட்டாலும் மௌனம் என்றால் மனிதன் எதை வைத்து முடிவு செய்வது? இங்கே கடல் காற்றில் இரும்பு தாங்காது. லிஃப்ட் மோட்டாரின் மூடி துருப்பிடித்துவிட்டது என்று ஒருவர் போனில் படம் எடுத்து இணைத்து அனுப்புகிறார். மெயில்மேனின் பழைய பதிப்பில், யாரும் மாற்றாவிட்டால், ஒரு கடிதத்தின் எல்லை 40 கிலோபைட். இன்றைய போன் எடுக்கும் படம் அதைப்போல் ஐம்பது, நூறு மடங்கு. கடிதம் நிர்வாகியின் ஒப்புதலுக்காக நிற்கும். நிறுத்தியிருக்கிறோம் என்று அனுப்பியவருக்கு ஓர் அறிவிப்பு போகும். ஆங்கிலத்தில் வரும் அந்த அறிவிப்பு ஸ்பாமில் போய் விழும். போய்ச் சேர்ந்த கடிதமும் நின்றுபோன கடிதமும் அனுப்பியவர் கண்ணுக்கு ஒன்றேபோல் இருக்கின்றன.

2014 ஏப்ரலில் இதைவிட மோசமானது நடந்தது. தன் பெயரில் போலிக் கடிதங்கள் வருவதைத் தடுக்க, யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கடிதம் யாஹூவின் சர்வரிலிருந்து வராவிட்டால் நிராகரியுங்கள் என்று, டிமார்க் என்ற அஞ்சல் சரிபார்ப்பு முறையின் விதியாக யாஹூ அறிவித்தது. அதே மாதம் ஏ.ஓ.எல்.லும் பின்தொடர்ந்தது. குழு வழியாக வரும் கடிதம் குழுவின் சர்வரிலிருந்துதானே வரும்? யாஹூக்காரர் ஒருவர் குழுவுக்கு எழுதினால் மற்ற உறுப்பினர்களின் அஞ்சல் சேவைகள் அதைத் திருப்பி அனுப்பின. திருப்பி அனுப்பியவர்களின் முகவரி செத்துவிட்டது என்று நினைத்து, குழு அவர்களைத் தற்காலிகமாக நீக்கியது. எழுதியவர் ஒருவர், பட்டியலிலிருந்து விழுந்தவர் இன்னொருவர். ஆகவே 'என்னை எடுத்துட்டியா' என்று கேட்பவரை ஒரேயடியாகச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. சில சமயம் இயந்திரமே எடுத்துவிட்டிருக்கும்.

அந்த மௌனத்துக்கு மெயில்மேனில் ஒரு மருந்து இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. குழுவுக்குக் கடிதம் வந்து சேர்ந்ததும் அனுப்பியவருக்கு ஓர் ஒப்புகை அனுப்பும் அமைப்பு. அது புதுக் கடிதம், தனி ஐடி உள்ளது. ஆகவே எந்த அஞ்சல் சேவையும் நகல் என்று அதை மறைக்காது. ஆனால் ஆரம்பத்தில் அது அணைந்தே கிடக்கிறது. நான் எங்கள் குழுவில் எல்லாருக்கும் அதை இயக்கிவிட்டேன். ஒரு வாரம் நிம்மதி. பிறகு போன்: "சார், நான் மெயில் அனுப்பும்போதெல்லாம் ஏதோ இங்கிலீஷ்ல ஒண்ணு வருதே, வைரஸா?" அதன் வாசகத்தைத் தமிழில் மாற்றி எழுதிய பிறகுதான் ஓய்ந்தது.

ஊருக்கு ஊர் சங்கங்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் இந்த வேலையைத் தலையில் சுமப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஒப்புகையை இன்றே இயக்குங்கள், தமிழில் எழுதிவையுங்கள், 40 கிலோபைட் எல்லையை உயர்த்துங்கள். எங்கள் குடியிருப்பு உறுப்பினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடிதம் வரவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். ஒப்புகை வந்திருக்கிறதா என்று பாருங்கள், குழுவின் ஆர்க்கைவில் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் எதிர் ஃப்ளாட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். தயவுசெய்து இரவு பத்து மணிக்குமேல் எனக்குப் போன் செய்யாதீர்கள்.