அறளை என்னும் பழி

“வயது போனால் அறளை பெயரத்தானே செய்யும்” என்பது இலங்கைத் தமிழ் இல்லங்களில் தீர்ப்பாகவே வழங்கிவரும் வாக்கியம். சொல்பவர் பெரும்பாலும் அயலார். கேட்டு வாய்மூடியிருப்பவர் மனைவி. இத்தீர்ப்பு மருத்துவ நோக்கில் பிழையானது. சமுதாய நோக்கிற் கொடியது.

கண்டி நகரிலிருந்து மேடேறிச் செல்லும் அம்பிட்டிய வீதியில் வாழும் முதிய தம்பதியர் இருவரை உதாரணமாகக் கற்பித்துக்கொள்ளலாம். கணவருக்கு நெடுங்காலமாகக் குருதி அமுக்கம், நீரிழிவும் உண்டு. சற்று மேடேறினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. நின்றால் வலி தணிகிறது. கணக்கிற் பிழைவிடாத அவர் ஒருநாட் காலையில் மிச்சக்காசை எண்ணத் திணறுகிறார். சில மாதங்கள் அவ்வாறே கழிகின்றன. பின்னர் ஒரே வாரத்தில் சட்டைப் பொத்தானும் அவருக்குப் புதிராகிவிடுகிறது. நள்ளிரவில் எழுந்து, இருக்கும் வீட்டிலிருந்தே ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்கிறார். இவை அனைத்தையும் நாள் தவறாது கண்டவர் மனைவி. கிளினிக்கிலோ கொப்பியில் அமுக்கம் எழுதப்படுகிறது, குளிசை கொடுபடுகிறது, அம்மையாரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. அமுக்கத்துக்கு வரிசை உண்டு, நீரிழிவுக்கு வரிசை உண்டு. மறதிக்கு வரிசை இல்லை.

மூளை நாடிகள் மெல்ல ஒடுங்க, குருதியின்றி அறிவு தேய்கிறது என்பது பழைய கருத்து. 1974இல் ஹச்சின்ஸ்கியும் சகாக்களும் ‘லான்செட்’ ஏட்டில் இதனை மறுத்து, அடைப்புகள் பலவற்றால் மூளையிழையம் இடையிடையே இறந்துபடுவதே காரணமென வாதிட்டனர். சின்னஞ்சிறு நாடிகளின் சேதத்தால் நோய் ஓசையின்றி வளர்வதும் உண்டென்பது பின்னர் தெளிவாயிற்று. 1975இல் ஹச்சின்ஸ்கி குழுவினர் வெளியிட்ட அளவையில் திடீர்த் தொடக்கம், படிப்படியான வீழ்ச்சி, இராக்காலக் குழப்பம் என்பன இடம்பெற்றன. இவற்றுக்குச் சாட்சி எக்ஸ்ரே படமா, உடன் உறங்கி எழுபவரா?

கால்வலி மறதியைத் தருவதில்லை. காலின் நாடியை அடைத்த அதே நோய் மூளையின் நாடியையும் தாக்கக்கூடும் என்பதே செய்தி. புடைத்த நாளங்களைக் காட்டி ‘இரத்த ஓட்ட எண்ணெய்’ விற்போர் நாடிக்கும் நாளத்துக்கும் வேறுபாடு அறியாதவர். அறிந்தும் விற்பவராயின் அவரைப் பற்றிப் பேசாதிருப்பதே நாகரிகம். மறதி யாவும் குருதியோட்டத்தின் குற்றமென்பதும் சரியன்று. அல்சைமர் நோய் தனித்தும், இதனோடு சேர்ந்தும் வரும். தைரொயிட் குறைவும் மனச்சோர்வும்கூட மறதிபோலத் தோன்றும், அவற்றுக்கு மருந்துண்டு. அறளையென்று கூறிக் கதவடைத்தால் அதுவும் தவறிப்போகும்.

‘அறிந்துதான் என்ன பயன்?’ என்பார் உளர். இறந்த இழையம் மீளாது, உண்மை. ஆனால் அடுத்த அடைப்பைத் தடுக்க முயலலாம். அமுக்கத்தை 120க்குக் கீழே கொணர முயன்ற அமெரிக்க ஆய்வொன்றின் 2019ஆம் ஆண்டு முடிவுகள், மறதிநோய் குறைந்ததென உறுதியாக நிறுவவில்லை. எனினும் அதற்கு முந்திய மென்மையான அறிவுக்குறைவு குறைந்தமையைக் காட்டின. உலக மறதிநோயாளரில் ஏறத்தாழ 45 சதவீதமானோரின் நோய், உயர் அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலக் குறைவு உள்ளிட்ட 14 காரணிகளோடு தொடர்புடையதென 2024இல் லான்செட் ஆணைக்குழு மதிப்பிட்டது. இவ்வளவையும் ‘வயது’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது அறிவீனமன்றோ?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள்மீது சுமத்துகிறது. பிள்ளை கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும். கணவரைக் குளிப்பாட்டுபவர், தமக்கும் அமுக்கமுள்ள எழுபது வயது மனைவி. அவருக்குச் சம்பளமில்லை, விடுமுறையில்லை. ‘பொறுமைசாலி’ என்ற பட்டம் மட்டும் உண்டு. அப்பட்டத்தை வழங்குவோர் ஓர் இரவு அங்கு தங்கிப் பார்க்கட்டும்.

கிளினிக்கில் அவரை அமர்த்தி, ‘எப்போது தொடங்கியது? எப்படிக் கூடியது?’ என்று கேட்கச் சில நிமிடம் போதும். 1988இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அரச அலுவலகங்களில் தமிழிற் கருமமாற்றும் உரிமையை எழுத்தில் தந்துள்ளது. அம்மையார் தமிழிற் சொல்வதை விளங்கி எழுதிக்கொள்ள அங்கு ஒருவர் இருத்தல் வேண்டும்.