அம்மாவுக்கும் ஒரு நாற்காலி

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அப்பா மில்லில் வேலை செய்கிறார். அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறாள். ஒரே மகன். வயது 18. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறான். கெட்டிக்காரப் பையன்.

திடீரென்று ஒரு மாற்றம். இரவில் தூங்குவது இல்லை. குளிப்பது இல்லை. சோற்றுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறான். “தெருவில் எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள்” என்கிறான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

“காதல் விவகாரமாக இருக்கும்” என்கிறார் மாமா. “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கிறாள் அத்தை. “சோம்பேறி! படிக்கப் பயந்துகொண்டு நடிக்கிறான்” என்று கத்துகிறார் அப்பா. இப்படியே ஆறு மாதம் ஓடிவிடுகிறது. தாயத்துக்கும் மந்திரத்துக்கும் அம்மாவின் தோடு போய்விடுகிறது.

கடைசியில்தான் ஆஸ்பத்திரி. பையனை உள்ளே கூப்பிடுகிறார்கள். “அம்மா, நீங்கள் வெளியே இருங்கள்” என்கிறார்கள். அம்மா வராந்தா பெஞ்சில் உட்காருகிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு வருகிறது. “இந்த மாத்திரையைக் கொடுங்கள். அடுத்த மாதம் வாருங்கள்.”

அவ்வளவுதான்!

இது என்ன நோய்? எத்தனை நாள் மாத்திரை? அவன் மாத்திரையைத் துப்பினால் என்ன செய்வது? ராத்திரி எழுந்து வெளியே ஓடினால் யாரைக் கூப்பிடுவது? மறுபடியும் படிக்கப் போவானா? அம்மாவின் மனதில் நூறு கேள்விகள். கேட்க இடம் இல்லை. கேள்விகளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறாள்.

அந்தத் தாய்க்கு டாக்டரின் அறைக்குள் ஒரு நாற்காலி போட வேண்டும். பேச வேண்டும். கேட்க வேண்டும். இதுதான் நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

அடுப்புக்குக் கல் மூன்று

டாக்டருக்கு நோய் தெரியும். எந்த மருந்து, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தெரியும்.

தாய்க்குப் பிள்ளையைத் தெரியும். எந்த மாதத்தில் தூக்கம் கெட்டது, எந்தப் பேச்சுக்குக் கோபம் வருகிறது, யார் சொன்னால் கேட்பான் என்று தெரியும்.

பிள்ளைக்குத் தன் வேதனை தெரியும். காதில் கேட்கும் குரல் எவ்வளவு பயங்கரமானது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்குகிறதா, பகல் முழுவதும் தூக்கம் வருகிறதா என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

அடுப்புக்குக் கல் மூன்று. ஒரு கல்லை எடுத்துவிட்டால் பானை கவிழும். வைத்தியமும் அப்படித்தான்.

டாக்டர் பையனைப் பார்ப்பது மாதத்தில் சில நிமிடங்கள். மற்ற நாள் முழுவதும் அவன் வீட்டில்தான் இருக்கிறான். அந்த வீட்டுக்கு ஒன்றும் சொல்லித் தராமல் அனுப்பினால் வைத்தியம் எப்படிப் பலிக்கும்?

வாலிப வயதில் இது மிகவும் முக்கியம். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 14 வயதில் பிள்ளை யாரோடு இருக்கிறது? அம்மா அப்பாவோடுதானே!

பழி சுமந்த தாய்மார்கள்

குடும்பத்தை வெளியே நிறுத்தும் பழக்கம் பழையது. சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து முறை என்ன? கொண்டுவந்து விடுவதோடு குடும்பத்தின் வேலை முடிந்தது. உயர்ந்த மதில் சுவர். உள்ளே நோயாளி. வெளியே உறவு.

அடுத்து வந்தது பழி. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பெரிய மனநல டாக்டர், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பு முறையே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். வருடக்கணக்கில் டாக்டர்கள் அதை நம்பினார்கள். எத்தனை தாய்மார்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள்! பின்னால் அந்தக் கருத்து தவறு என்று கைவிடப்பட்டது. தாயின் வளர்ப்பு இந்த நோயை உண்டாக்குவது இல்லை.

ஆனால் வீட்டின் பேச்சுக்கு ஒரு சக்தி உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர், ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவர்களைக் கவனித்தார். எந்த வீட்டில் ஓயாமல் குறை சொல்லித் திட்டினார்களோ, அந்த வீட்டில் நோய் அதிகமாகத் திரும்பி வந்தது. பின்னால் வந்த டாக்டர்கள் குடும்பங்களை உட்கார வைத்து நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். நோய் திரும்புவது குறைந்தது.

இதில் நமக்குப் பாடம் என்ன? அப்பா கத்துவது வெறுப்பினால் அல்ல, விஷயம் தெரியாததால்தான். தெரிந்துவிட்டால் அவரே மருந்தாக மாறுவார்.

கூடாரத்தில் நடந்த வைத்தியம்

இந்த உண்மையை வெளிநாட்டில் இருந்துதான் கற்க வேண்டும் என்பது இல்லை. நம் நாட்டில் 1950-களிலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் வித்யா சாகர் தலைமை அதிகாரி. ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. ஆட்கள் போதவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டார். “நீங்களும் பிள்ளையோடு இங்கேயே தங்குங்கள்” என்று குடும்பத்தாரிடம் சொன்னார்.

தாயும் தகப்பனும் தங்கினார்கள். வைத்தியத்தைக் கண்ணால் பார்த்தார்கள். நோய் என்றால் நோய்தான், பேயும் இல்லை, சாபமும் இல்லை என்று புரிந்துகொண்டார்கள். நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். ஊருக்குப் போனவர்கள் அக்கம்பக்கத்தாருக்கும் எடுத்துச் சொன்னார்கள்.

நமது வேலூரிலும் அதே காலத்தில் இந்த முறை வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ஆம் ஆண்டில் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு உறவினரும் தங்க வேண்டும் என்பது அந்த இடத்தின் வழக்கம்.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் இருந்தார். கீழ்ப்பாக்கம் சர்க்கார் மனநல ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பைப் பல வருடம் வகித்தவர். நம் நாட்டின் முதல் பெண் மனநல டாக்டர் என்று புகழ் பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காகவும் அவர்கள் குடும்பங்களுக்காகவும் 1984-ல் “ஸ்கார்ஃப்” என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆக, வழி நமக்குத் தெரியாதது அல்ல. எல்லா ஊருக்கும் அது போய்ச் சேரவில்லை. அதுதான் குறை.

அது சேராத இடத்தில் என்ன நடக்கும்? ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்டு 6. ஒரு விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு வேறு வழியை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதையும் கேட்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் அமலுக்கு வந்தது. அதில் உள்ள சில விஷயங்களை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

18 வயது ஆனவர், தமக்காகப் பேசும் பிரதிநிதியாக ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வக்கீல் வேண்டாம். முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். கைநாட்டும் செல்லும்.

என்ன நோய், என்ன வைத்தியம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிரதிநிதிக்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் போன்ற சட்டப்படியான காப்பாளரே பிரதிநிதி. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அவரோ, அவர் நியமிக்கும் துணையாளரோ கூடவே தங்க வேண்டும்.

யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. எந்த வகையிலும் கூடாது.

இன்னும் ஒன்று. மாநில மனநல ஆணையத்திலே, நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களின் சார்பில் இரண்டு பேருக்கு இடம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாநில அளவில் நாற்காலி உண்டு. நம் ஊர் ஆஸ்பத்திரி அறையில் ஏன் இல்லை?

சமம் என்றால் அதிகாரம் அல்ல

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை.

சம பங்கு என்றால், பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு நாமே பேசுவது அல்ல. “அவனுக்கு என்ன தெரியும், நான் சொல்கிறேன் டாக்டர்” என்று முந்திக்கொள்ளாதீர்கள். பெண் பிள்ளை டாக்டரிடம் தனியாகப் பேச விரும்புகிறதா? எழுந்து வெளியே போங்கள். அங்கே பேசியது என்ன என்று வீட்டில் வந்து குடையாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர் உங்களிடம் சொல்வார். மற்றது பிள்ளையின் சொந்த விஷயம்.

சில பிள்ளைகளுக்கு வேதனை வீட்டில் இருந்தே வருகிறது. அடி, குடி, அதைவிடக் கொடிய காரியங்கள். அப்படிப்பட்ட இடத்தில் குடும்பத்தைப் பங்காளி என்று சொல்ல முடியாது. சட்டமும் இதை நினைத்துப் பார்த்திருக்கிறது. காப்பாளர் பிள்ளையின் நன்மைக்காக நடக்கவில்லை என்றால், வேறு ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்க வழி உண்டு.

“டாக்டருக்கு நேரம் ஏது?”

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு காலைப் பொழுதில் எத்தனை பேரைத்தான் டாக்டர் பார்ப்பார்?

அமிர்தசரஸில் கூடாரம் போட்டதே ஆட்கள் போதாமல்தான் என்பதை நினைவில் வையுங்கள். குடும்பம் வந்தது, பாரம் குறைந்தது!

ஆஸ்பத்திரிகளை நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

முதல் நாளில் குடும்பத்தோடு அரை மணி நேரம் பேசுங்கள். டாக்டரே பேச வேண்டும் என்பது இல்லை. சமூகப் பணியாளர் பேசலாம், நர்சு பேசலாம்.

பத்துக் குடும்பங்களை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒரு தாய்க்கு இன்னொரு தாய் சொல்லும் யோசனை பெரிய படிப்பைவிட உதவும்.

என்ன நோய், என்ன மாத்திரை, நோய் திரும்பினால் என்ன அடையாளம், யாருக்குப் போன் செய்வது என்று நல்ல தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள் கொடுங்கள்.

கூலி வேலைக்குப் போகும் அப்பா வருவதற்கு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கதவைத் திறந்து வையுங்கள்.

“நீங்கள் தூங்கினீர்களா அம்மா?” என்று அந்தத் தாயையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கவனித்துக்கொள்பவள் விழுந்துவிட்டால் யார் கவனிப்பது?

வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலை உண்டு. கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். தூக்கம், சாப்பாடு, மாத்திரை மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். “பைத்தியம்” என்ற சொல்லை வீட்டுக்குள் விடாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம்.

முன்னே சொன்ன அந்தப் பையனை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். அதே ஆஸ்பத்திரி. அதே கூட்டம். ஆனால் இந்த முறை அறைக்குள் மூன்று நாற்காலிகள். டாக்டர் அம்மாவைப் பார்த்து, “உங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்” என்கிறார். பிறகு பையனைப் பார்த்து, “தம்பி, அம்மா சொன்னது சரிதானா? நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கிறார்.

நெடுநாள் பேசாமல் இருந்த பையன் தலையை நிமிர்த்துகிறான்.

ஒரு நாற்காலியின் விலை என்ன பெரிய விலை? ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதைப் போடுங்கள்!