வீட்டு முகப்புக்கு பிவிசி பேனல்: மதுரை வெயிலுக்குத் தாங்குமா?

ஒத்தக்கடை, திருப்பாலை, ஊமச்சிகுளம், அவனியாபுரம் என மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், புதுசா எழும்பும் வீடுகளில் ஒரு விஷயம் கண்ணில் படும். பூச்சு வேலை முடிந்ததும் பெயின்ட் அடித்து விட்டுவிடுவதில்லை. முன்பக்கம் மர நிறத்தில் லூவர், கல் மாதிரி ஷீட், பளபளக்கும் ஏசிபி என ஏதாவது ஒன்று ஒட்டப்படுகிறது. பேர் 'எலிவேஷன்'.

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் சுவரில் ஒட்டும் பொருள் சரியானதா என்று யோசிக்க வேண்டியது இப்போது வீட்டுக்காரர் மட்டுமே.

அமெரிக்காவில் ஒட்டுறாங்களே?

ஆமாம். அங்கே பல வீடுகளுக்கு எலும்புக்கூடே மரம்தான். மழையும் பனியும் அந்த மரத்தைத் தொடாமல் இருக்க வினைல், அதாவது பிவிசி பட்டைகளை மேலே போர்த்துகிறார்கள். நம்ம ஊர் செங்கல் சுவருக்கு, சிமென்ட் பூச்சு ஒழுங்காக இருந்தால், அந்தப் போர்வை தேவையே இல்லை. இங்கே அது முழுக்க முழுக்க அழகுக்குத்தான்.

வெயிலில் என்ன ஆகும்?

பிவிசி சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். சுமார் 12 அடி நீளப் பட்டை ஒன்று அரை அங்குலம் வரை நீளக்கூடும். அதனால்தான் அங்கே ஆணியை இறுக்கி அடிக்காமல், பட்டை நகர இடம் விட்டு அடிப்பார்கள். நம்ம ஊரில் நாலு பக்கமும் ஸ்க்ரூவை முடுக்கி, சிலிகான் வைத்து அடைத்தால், நீள வழியில்லாமல் பேனல் வயிறு தள்ளி நிற்கும்.

நிறமும் முக்கியம். மதுரையில் 40 டிகிரி வெயில் புதுசு இல்லை. அந்த வெயிலில் அடர் பழுப்பு, கறுப்புப் பரப்புகள் 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சுமார் 70 டிகிரியைத் தாண்டினால் வினைல் நெகிழ ஆரம்பிக்கும். எதிர் வீட்டுக் கண்ணாடியிலிருந்து வெயில் திரும்பி அடித்தால் இன்னும் சிக்கல். அமெரிக்காவிலேயே பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சம் பட்டு வினைல் உருகி நெளிந்திருக்கிறது.

இன்னொரு ஏமாற்று: ஹாலுக்குள் சீலிங் போடும் பிவிசி பேனலையே வெளியே மாட்டிவிடுவது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் அதில் இருக்காது. நிறம் வெளுத்து, பிறகு அப்பளம் மாதிரி நொறுங்கும்.

ஏசிபி பரவாயில்லையா?

இதைத்தான் கவனமாகப் பார்க்கணும். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருப்பது என்ன என்பதில்தான் விஷயமே. விலை குறைந்த ரகங்களில் அது பாலிஎத்திலீன், எரியும் பிளாஸ்டிக். 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிரிழந்த தீ, இப்படிப்பட்ட பேனல் வழியாகத்தான் வெளிச்சுவரில் ஏறியது. அடுத்த ஆண்டே, 18 மீட்டருக்கு மேல் உயரமான புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளுக்கு இங்கிலாந்து தடை போட்டது.

இரண்டு மாடி வீட்டை 24 மாடியோடு ஒப்பிட முடியாது. ஆனால் நம்ம வீட்டில் இபி மீட்டர், சர்வீஸ் ஒயர், ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் பெரும்பாலும் அதே முன்சுவரில்தான் இருக்கின்றன. பிவிசி அவ்வளவு சுலபமாகப் பற்றாது. பற்றினால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூச்சை அடைக்கும்.

வீடு குளுமையாகுமா?

கடைக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. பேனலுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி இருந்து, கீழேயும் மேலேயும் காற்றுப் போக வழி இருந்தால், மேற்குச் சுவருக்கு அது ஒரு நிழல். ஆனால் மதுரையில் சித்திரை பிறக்கும் சமயத்தில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல். அந்த வெயிலை வாங்குவது முகப்பு இல்லை, மொட்டை மாடி. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அரசு அறிவித்துவிட்ட நிலையில், குளுமைக்காகச் செலவழிக்கும் காசு முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். தட்டோடு பதிக்கலாம். வெள்ளை கூலிங் பெயின்ட், அதுவும் முடியாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். முகப்புக்கு வெளிர் நிற எக்ஸ்டீரியர் பெயின்ட்டே போதும், வெளுத்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

இல்லை, பேனல்தான் வேணும் என்றால், வெளிர் நிறமாக, வெளிப்புற உபயோகத்துக்கு என்று எழுத்தில் வாரண்டி தரும் ரகமாகக் கேளுங்கள். ஏசிபி என்றால் தீயைத் தாங்கும் ரகம் என்பதற்கான சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு துண்டு சாம்பிள் வாங்கி, பாதியை மூடி மாடியில் ஒரு கோடை முழுக்கப் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ஐப்பசி மழைக்கு முன் சுவரில் விரிசல், ஓதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் பேனல் மாட்டணும், பிறகு உள்ளே நடப்பது தெரியாது. மீட்டர் பெட்டியைச் சுற்றி மட்டும் எதையும் ஒட்டாமல், வெறும் பூச்சாகவே விடச் சொல்லிவிடுங்கள்.