முதல்ல ஜாக்கெட், அப்புறம்தான் ரீல்

மூணு வாரம். ஒரு ரீல் வாங்க நான் எடுத்துக்கிட்ட நேரம் அது. யூடியூப்ல எத்தனை ரிவ்யூ பார்த்தேன்னு கணக்கே இல்லை. எத்தனை பேரிங், கியர் ரேஷியோ 5.2-ஆ 6.2-ஆ, எந்தக் கலர்னு ரூம்ல விவாதம் நடத்தி, கடைசியில் இன்டர்ன்ஷிப் காசுல வாங்கினேன்.

போன டிசம்பர்ல நாங்க நாலு பேர் கொடுவா பிடிக்கலாம்னு ஒரு பேக்வாட்டர்ல ஃபைபர் போட் ஏறினோம். போட்டில் கிடந்த லைஃப் ஜாக்கெட்டை ஆளுக்கொண்ணா எடுத்து மாட்டிக்கிட்டோம். அதைச் சரிபார்க்க நாங்க எடுத்துக்கிட்ட நேரம்: பூஜ்யம்.

என் ரூம்மேட் போட்ட ஜாக்கெட்டில் ஒரு பக்கிள் உடைஞ்சிருந்தது. யாரோ அதை ஷூ லேஸால் கட்டி வெச்சிருந்தாங்க. அவன் எழுந்து நின்னு லூரை வீசவும் போட் திரும்பவும் சரியா இருந்தது. தலைகுப்புற உள்ளே போனான். லேஸ் அவிழ்ந்துடுச்சு. ஜாக்கெட் தனியா மிதக்குது, ஆளைக் காணோம். நல்லவேளை, அங்கே கழுத்தளவு தண்ணிதான். காலை ஊன்றி எழுந்து, சேத்துத் தண்ணியைத் துப்பிட்டுச் சிரிச்சான். நான் அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "மச்சி, ராட் எங்கடா?"

இதை எழுதவே கூச்சமா இருக்கு. ராத்திரி ஹாஸ்டல்ல படுத்தப்போதான் உறைச்சது. அந்த இடம் இன்னும் ஒரு ஆள் ஆழம் இருந்திருந்தா?

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். தூண்டில் சாமான் வாங்குறதில் நாம வரிசையைத் தலைகீழா வெச்சிருக்கோம். முதல் காசு உயிரைக் காப்பாத்துற சாமானுக்குப் போகணும். மிச்சக் காசில் எதை வாங்கினாலும், அதைக் கழுவித் துடைச்சு வெச்சுக்கத் தயாரா இருந்தா மட்டும் வாங்கணும்.

நம்ம ஆசை எங்கிருந்து வருதுன்னு பாருங்க. முக்கால்வாசி அமெரிக்க பாஸ் ஃபிஷிங் வீடியோவிலிருந்துதான். பளபளன்னு ஒரு போட், அதுல பத்து ராட், பெட்டி பெட்டியா லூர். ஆனா அவங்க பிடிக்கிற லார்ஜ்மவுத் பாஸ் ஏரியிலும் ஆத்திலும் வாழுற நன்னீர் மீன். நம்ம கொடுவாவையும் இங்கிலீஷ்ல சீ பாஸ்னு சொன்னாலும், ரெண்டும் வேற வேற குடும்பம். கொடுவா கடல், முகத்துவாரம், ஆறுன்னு எல்லாத்துலயும் திரியும். நாம அதைத் தேடிப் போற இடம் உப்புத்தண்ணி. அவங்க சிபாரிசு பண்ற சாமானை வாங்குறோம், உப்பைப் பத்தி மட்டும் யோசிக்கிறதில்லை.

இன்னொரு விஷயம். லார்ஜ்மவுத் பாஸ் உலக சாதனை எப்போ வந்ததுன்னு நினைக்கிறீங்க? 1932 ஜூன் 2. ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு இளம் விவசாயி பிடிச்ச மீன், 22 பவுண்டு 4 அவுன்ஸ். நம்ம கணக்கில் பத்து கிலோ. அன்னிக்கு அவரும் அவர் நண்பரும் ஒரே ராடை மாத்தி மாத்திப் பிடிச்சாங்கன்னு சொல்வாங்க. மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைச்சுச் சாப்பிட்டுட்டாங்க. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடிச்ச மீன் அந்த எடைக்குச் சமமா வந்து சாதனையைப் பகிர்ந்துக்கிச்சு. நடுவில் எழுபத்தேழு வருஷம். அதுக்குள்ள சந்தைக்கு வந்த கார்பன் ராட், பேரிங், லேசர் கண் வெச்ச லூர் எல்லாத்தையும் நினைச்சுப் பாருங்க.

சரி, வரிசைக்கு வருவோம்.

ஜாக்கெட்தான் முதல். அதில் 50, 100, 150-ன்னு எண் போட்டிருக்கும். அது மிதப்பு விசை, நியூட்டன்ல. 50 நியூட்டன்னா அஞ்சு கிலோதானேன்னு சிரிக்காதீங்க. தண்ணிக்குள்ள நம்ம உடம்பு எடையில் பெரும்பகுதியை ஆர்க்கிமிடீஸ் பார்த்துக்குவார். தலை வெளியே நிக்கத் தேவையான மிச்சம்தான் ஜாக்கெட் வேலை. ஆனா 50 நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு, கரைக்குப் பக்கத்தில் போறவங்களுக்கு மட்டும். மயங்கிட்டா முகத்தை மேலே திருப்பாது. நீச்சல் தெரியலைன்னா 100-க்குக் கீழே போகாதீங்க. கடல் பக்கம் போனா 150. கடையிலேயே மாட்டி, எல்லா பக்கிளையும் போட்டு, நண்பனை விட்டுத் தோள்பட்டையைப் பிடிச்சு மேலே தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா அது உங்க சைஸ் இல்லை. வாங்கினப்புறம் அதை மடிச்சுப் போட்டு மேலே உட்காராதீங்க, உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிடும். நிழலில் காய வையுங்க. நான் இப்போ வாங்கினது என் ரீல் விலையில் பாதிகூட ஆகலை.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் படகு விபத்து அறிக்கை வெளியிடுது. மூழ்கி இறந்தவங்களில் அஞ்சில் நாலு பேருக்கு மேல ஜாக்கெட் போடாதவங்கன்னு திரும்பத் திரும்ப அதில் வருது. நம்ம பக்கத்துலயே, 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றுலா வந்த 22 பேர் இறந்துபோனாங்க.

ரெண்டாவது, இன்ஜினோட கில் ஸ்விட்ச் கயிறு. ஓட்டுறவர் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கணும். அவர் தவறி விழுந்தா கயிறு பிடுங்கிக்கும், இன்ஜின் நின்னுடும். இல்லைன்னா ஆள் இல்லாத போட் வட்டமடிச்சுத் திரும்பி வந்து, விழுந்தவர் மேலேயே ஏறலாம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான போட்டுகளுக்கு இதை 2021 ஏப்ரலிலிருந்து சட்டமாவே ஆக்கிட்டாங்க. வாடகை போட்டில் ஏறினதும் "அண்ணே, அந்தக் கயிறை மாட்டிக்கங்க"ன்னு சொல்லக் கூச்சப்படாதீங்க.

மூணாவது, நரம்பும் முள்ளும். மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது அதுதான். கொடுவாவோட செவுள் மூடி கத்தி மாதிரி. 20 பவுண்டு பிரெய்டு போட்டாலும் முனையில் 30, 40 பவுண்டு நைலான் லீடர் கட்டாம விடாதீங்க. ரெண்டு மீனுக்கு ஒரு தடவை லீடரை விரலால் தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டுப் புதுசாக் கட்டுங்க. வெட்டின துண்டை ஒரு பாட்டில்ல போட்டுத் திரும்பக் கொண்டு வாங்க. அது மக்காது, பறவை காலில் சுத்திக்கும்.

ராடும் ரீலும் இதுக்கப்புறம்தான். ராடுல எவ்வளவு பவுண்டு நரம்பு, எத்தனை கிராம் லூர்னு அச்சடிச்சிருக்கும். விலையைவிட அதைப் படிங்க. கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். மேலே மின்கம்பி போற இடத்தில் வீசாதீங்க, இடி இடிச்சா கீழே வெச்சுடுங்க. எங்க ஹாஸ்டல்ல ராட் உடைஞ்சது எல்லாம் மீனால் இல்லை. ஒண்ணு சீலிங் ஃபேன், இன்னொண்ணு கார் கதவு.

இப்போ கழுவுற கதை. நான் மூணு வாரம் ஆராய்ஞ்சு வாங்கின அந்த ரீல், ரெண்டே ட்ரிப்ல இறுகிப்போச்சு. ஸ்பூல் ஓரத்தில் வெள்ளையா மாவு பூத்திருந்தது. அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, நடுவில் உப்புத்தண்ணி: பேட்டரி ரெடி. அதில் அலுமினியம்தான் ஆனோட், அதுதான் அரிக்கும். இதையே கெமிஸ்ட்ரி பேப்பர்ல கால்வனிக் அரிப்புன்னு படம் போட்டு எழுதி மார்க் வாங்கினவன் நான். ரீலை மட்டும் ஈரத்தோட பேக்ல போட்டு, பேக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிட்டேன்.

செய்ய வேண்டியது பத்து நிமிஷ வேலை. வந்ததும் ரீல்ல ட்ராகை இறுக்குங்க, அப்போதான் தண்ணி உள்ளே போகாது. நல்ல தண்ணியை மெதுவா ஊத்துங்க. பைப்பை வேகமாத் திறந்து அடிச்சா உப்பை உள்ளே தள்ளுறீங்கன்னு அர்த்தம், பக்கெட்டில் முக்குறதும் வேண்டாம். துடைச்சு நிழலில் காய வெச்சு, ட்ராகைத் தளர்த்துங்க. இறுக்கியே வெச்சா உள்ளே இருக்கும் வாஷர் நசுங்கும். லைன் ரோலர்ல, கைப்பிடியில் ஒரு சொட்டு எண்ணெய். டபிள்யூடி-40 அடிச்சா போதும்னு நினைக்காதீங்க. அது ஈரத்தை விரட்டும், கூடவே உள்ளே இருக்கிற கிரீஸையும் கரைச்சுடும். லூரையும் அலசிக் காய வெச்சுட்டுத்தான் பெட்டியை மூடணும். ஒரு துருப்பிடிச்ச முள் பெட்டி முழுக்கத் துருவைப் பரப்பும்.

அடுத்த ட்ரிப்ல ட்ராகை நரம்போட தாங்கு எடையில் கால் பங்குக்கு வையுங்க. 20 பவுண்டு நரம்புன்னா சுமார் ரெண்டே கால் கிலோ. லக்கேஜ் தூக்கிப் பார்க்கிற தராசு போதும்.

"பாலத்துல கைநரம்பு போடுற அண்ணன் எந்த ஜாக்கெட் போட்டிருக்கார், எந்த ரீலைக் கழுவுறார்"னு என் ரூம்மேட்டே கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா அவர் கரையில் நிக்கிறார். எங்கே சேறு, எங்கே குழி, எப்போ நீரோட்டம் மாறும்னு வருஷக்கணக்கா பார்த்தவர். நாம சனிக்கிழமை காலையில் வந்து இறங்கினவங்க. தவிர, அவர்கிட்ட இருக்கிற ஒரே நரம்பை அவர் சுத்தி வைக்கிற ஒழுங்கைப் பாருங்க. சிக்கு இருக்காது, முள் துரு இருக்காது. சாமான் கம்மி, கவனிப்பு ஜாஸ்தி. நான் சொல்றதும் அதேதான்.

இந்த செமஸ்டர் முடிஞ்சா நாம எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போயிடுவோம். கையில் முதல் சம்பளம் வரும், வாங்கத் தோணும், வாங்குங்க. ஆனா கார்ட்ல முதல்ல எது ஏறுதுன்னு பாருங்க. எங்க நாலு பேர்கிட்டயும் இப்போ சொந்த ஜாக்கெட் இருக்கு. போட்டில் ஏறுறதுக்கு முன்னாடி ஒருத்தர் ஒருத்தர் தோள்பட்டையைப் பிடிச்சுத் தூக்கிப் பார்க்கிறோம். கரையில் நிக்கிறவங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

அந்த ராட் இன்னும் அந்தச் சேத்துலதான் கிடக்கு. ரூம்மேட் பக்கத்துக் கட்டில்ல குறட்டை விட்டுத் தூங்குறான்.