தொண்ணூறுகளின் சூப்பர் ஹீரோ யாரைக் காப்பாற்ற வேண்டும்?

சூப்பர் ஹீரோ படம் எடுப்பவர்களுக்குத் திடீரென்று தொண்ணூறுகள் மேல் பாசம் வந்துவிட்டது. 2019-ல் வந்த 'கேப்டன் மார்வெல்' கதை நடப்பது 1995-ல். வானத்திலிருந்து விழும் நாயகி நேராக ஒரு வீடியோ கடைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுகிறாள். அதே வருடம் வந்த 'டார்க் ஃபீனிக்ஸ்' 1992-ல் நடக்கிறது. நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் 2021 டிசம்பரில் வந்த 'மின்னல் முரளி'யும் தொண்ணூறுகள்தான்.

ஏன் என்று யோசித்தால் முதல் காரணம் ரொம்ப சுலபம். செல்போன் இல்லை, சிசிடிவி இல்லை. இன்றைக்குக் கம்பம் மெட்டில் ஒருத்தன் பறந்தால் அவன் தரையிறங்குவதற்குள் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் வந்துவிடும், அவன் யார் மகன் என்பது உட்பட. அப்போது முகமூடிக்கு ஒரு மரியாதை இருந்தது.

இரண்டாவது காரணம் வியாபாரம். அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று டிக்கெட் எடுக்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கேசட்டையும் எஸ்.டி.டி. பூத்தையும் காட்டினால் போதும், கண் கலங்கிவிடும். நம்மிடம் இதற்கு ஒரு தனிப் பேரே உண்டு: 90ஸ் கிட்ஸ். 1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான், தேன்மிட்டாய், பம்பரம். பத்து வருட வரலாறு இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக வரும். (நான் 2004-ல் பிறந்தவன். 'உனக்கென்ன தெரியும்' என்று அண்ணன்மார்கள் கேட்கலாம். கேளுங்கள், பரவாயில்லை.)

'மின்னல் முரளி' எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் பழைய சாமான்கள் இல்லை. ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருவன் அமெரிக்கா போகத் துடிக்கும் தையல்காரன் ஜெய்சன். இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு. அந்த ஷிபுவாக நடித்தவர் நம்ம மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். ஊர் ஒருத்தனை மகனாகப் பார்க்கிறது, இன்னொருத்தனைப் பைத்தியமாகப் பார்க்கிறது. வில்லனை உண்டாக்கியதில் மின்னலுக்குப் பாதிப் பங்குதான், மீதி ஊருக்கு. அந்தப் படத்துக்காகக் காலடியில் போட்ட சர்ச் செட்டை 2020 மே மாதம் ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. தொண்ணூறுகளின் ஊரைக் கட்டப் போனவர்களுக்கு 2020 தன் முகத்தைக் காட்டிவிட்டது.

தமிழில் மின்னல் அடித்துச் சக்தி பெறும் 'வீரன்' 2023-ல் வந்தது. ஊர்க் காவல் தெய்வத்தையும் சூப்பர் ஹீரோவையும் சேர்த்தது நல்ல யோசனை. ஆனால் என்னைக் கேட்டால், தொண்ணூறுகளை வைத்து எடுத்த தமிழ் சூப்பர் ஹீரோ படம் 'கர்ணன்' (2021). சிரிக்காதீர்கள். பாய்ந்து வரும் மீனை வாளால் அந்தரத்திலேயே இரண்டாக வெட்டுகிறவனை வேறு என்ன சொல்வது? வித்தியாசம் என்னவென்றால், அவன் உலகத்தைக் காப்பாற்றப் போகவில்லை. அவன் ஊரில் பஸ் நிற்பதில்லை. அவ்வளவுதான் பிரச்சினை, அதிலிருந்துதான் எல்லாம்.

படத்தின் பொடியன்குளத்துக்குப் பின்னால் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று அங்கே போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. படத்தில் முதலில் 1997 என்று போட்டார்கள். ஆட்சியே மாறிவிடுகிறதே என்று உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்டிய பிறகு, '90களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். கேசட்டும் பேஜரும் காட்டினால் எந்தக் கட்சியும் கேள்வி கேட்காது. ஒரு வருடத்தை எழுதினால் கேட்கும். ஒரு காலத்தை உண்மையாக நினைவில் வைப்பது என்றால் இந்தத் தகராறும் சேர்ந்துதான் வரும்.

பஸ் என்றதும் இன்னொன்று. 1997-ல் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. நம்ம போடியில் 1989-லேயே சாதிக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. இதெல்லாம் எந்த 90ஸ் கிட்ஸ் மீமிலும் வராது.

சரி, தேனிக்கு வருவோம். 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனோம். போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். (2010 இறுதியில் நின்றது, அகலப்பாதையில் மறுபடி போடி வர 2023 ஆகிவிட்டது.) படம் எடுக்க அழகான ஊர்தான். மலை, ரயில், திராட்சைப் பந்தல், விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்.

ஆனால் இதே மண்ணில் அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1994-ல் எடுத்த படம் 'கருத்தம்மா'. பெண்குழந்தையைப் பிறந்தவுடன் கொல்லும் கதை. உசிலம்பட்டி என்றாலே அந்தப் பேச்சு வந்த நாட்கள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் இதற்காகத்தான். 2001 கணக்கெடுப்பிலும் ஆறு வயதுக்குட்பட்ட பெண்குழந்தைகள் விகிதம் குறைந்த மாவட்டங்களின் வரிசையில் சேலம், தருமபுரியோடு தேனியும் நின்றது. அந்தக் குழந்தைகள் யார்? அவர்களும் 90ஸ் கிட்ஸ்தானே. சக்திமான் பார்க்க வரவே இல்லை, அவ்வளவுதான்.

90ஸ் கிட்ஸ் மீம்களிலேயே பிரபலமானது எது தெரியுமா? பெண் கிடைக்காமல் முப்பது வயதைத் தாண்டி நிற்கும் மாப்பிள்ளை. எல்லோரும் சிரிக்கிறோம். வேலை, ஜாதகம், சாதி என்று அதற்குப் பல காரணம் உண்டு, எல்லாவற்றையும் ஒன்றின் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்த மீமையும் 'கருத்தம்மா'வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

'கருத்தம்மா'வில் சாகக் கொடுத்த ஒரு குழந்தையை ஒரு வாத்தியார் எடுத்துப்போய் வளர்க்கிறார். அவள் டாக்டராகி அதே ஊருக்கு வருகிறாள். முகமூடி கிடையாது, அங்கி கிடையாது. நம்ம ஊரில் யாராவது தொண்ணூறுகளில் ஒரு சூப்பர் ஹீரோ கதை எழுத உட்கார்ந்தால், குமுளி ரோட்டில் லாரியைத் தூக்க விட வேண்டாம். ராத்திரி ஒரு மருத்துவச்சி வீட்டு வாசலில் போய் அவனை நிற்க வையுங்கள். உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கட்டும்.