நேர்ஸிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையே நமது நகரங்களின் பஸ் தரிப்பிடங்களில் புதிய சுவரொட்டிகள் முளைத்துவிடுகின்றன. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பிள்ளையின் படம். ‘ஆறு மாதத்தில் நேர்ஸ் ஆகலாம், வெளிநாட்டு வேலை நிச்சயம்’ என்று பெரிய எழுத்து. கீழே ஒரு தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான். அதை நம்பி, தீபாவளி முற்பணத்தையும் அடகு வைத்த தோட்டுப் பணத்தையும் கொண்டுபோய்க் கட்டுகிறவர்கள் நமது அங்கத்தவர்கள். ஆகவே இம்மாதம் சம்பள விடயத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுகிறோம்.

நோயாளரைப் பராமரிக்கும் தொழிலுக்கு நமது பிள்ளைகள் போவதை நாம் ஆதரிக்கிறோம். படுக்கையில் விழுந்த ஒருவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் உடம்பில் புண் வரும் என்று தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால், அந்த லயத்தில் உள்ள வயோதிபர் அத்தனை பேருக்கும் நன்மை. நாம் எதிர்ப்பது கடதாசி விற்கும் வியாபாரத்தை.

ஆறு மாதத்தில் யாரும் நேர்ஸ் ஆக முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நாம் ‘மிஸி’ என்று கூப்பிடும் தாதி உத்தியோகத்தர், உயர்தரம் சித்தியடைந்து, தெரிவு செய்யப்பட்டு, மூன்று வருடம் பயிற்சி பெற்றவர். குறுகிய காலப் பாடநெறியில் கிடைப்பது தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் தகைமை. அதுவும் நல்ல தகைமைதான். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பவனிடம் பிள்ளையை ஒப்படைக்கலாமா?

நாட்டில் தொழிற்பயிற்சிக்கு மதிப்புள்ள சான்றிதழ் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ். அதற்குப் பொறுப்பானது, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். பராமரிப்பாளர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பொதுவாக எடுப்பது மூன்றாம், நான்காம் மட்டங்கள்.

பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். ஒரு நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்திருப்பது ஒரு விடயம். அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூ. தரத்துக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு விடயம். கணினி வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்தில் அதே பெயர்ப்பலகையின் கீழ் நேர்ஸிங் வகுப்பும் நடக்கலாம். ‘நாங்கள் கவர்மண்டில் பதிந்த இடம்’ என்று சொன்னதும் தலையாட்டிவிட வேண்டாம். இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா, எத்தனையாவது மட்டம், அது இன்றைக்கும் செல்லுபடியாகுமா என்று கேளுங்கள். இரண்டு விபரத்தையும் ஆணைக்குழுவிடமே விசாரித்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடமென்றால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: வார்ட்டில் எத்தனை நாள் பயிற்சி? உடல் வெப்பம் பார்ப்பது, பிரஷர் அளப்பது, எழும்ப முடியாதவரைக் கட்டிலிலேயே குளிப்பாட்டுவது, விழாமல் தூக்கி நாற்காலியில் இருத்துவது, இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. கவ்வாத்தைக் கொப்பியில் எழுதிப் படித்தவனிடம் யாராவது கத்தியைக் கொடுப்பார்களா?

பணக் கணக்கையும் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. ஓர் இடத்தில் ஒரு லட்சம் கேட்டால் அந்தக் கணக்கில் அது 74 பேருக்கான சம்பளம். அரைப்பேர் போடும் தோட்டங்களில் அதற்கு எத்தனை நாள் மலை ஏற வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே முதலில் தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களில் விசாரியுங்கள். எங்கே கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

சென்ற வருடம் நமது மாதர் பிரிவுக்கு வந்த ஒரு பிள்ளையின் விடயத்தைச் சொல்ல வேண்டும். பெற்றோர் மூன்று தவணையில் பணம் கட்டினார்கள். முடிவில் தங்கக் கரை போட்ட ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதில் அந்த நிறுவனத்தின் முத்திரையைத் தவிர வேறெதுவும் இல்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ‘ட்ரெய்னி’ என்று சொல்லி எடுத்தது. இரண்டு வருடம் இரவும் பகலும் வேலை, அப்போதும் ட்ரெய்னிதான். நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. விலகப் போவதாகச் சொன்னபோது, வேலைக்குச் சேர்ந்த நாளில் வாங்கி வைத்த கல்விச் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். சங்கத்தின் கடிதம் போன பிறகே மூலப்பிரதிகள் கைக்கு வந்தன. சேமலாப நிதி சம்பந்தமான முறைப்பாடு தொழில் திணைக்களத்தில் இருக்கிறது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம் செலுத்த வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் தொழில்தருநரின் பணம். தற்காலிகம், பயிலுனர் என்று பெயரை மாற்றி வைத்து இந்தப் பொறுப்பிலிருந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி தப்பிக்கொள்ள முடியாது. மலையில் கொழுந்து கிள்ளும் தாய்க்கு இருக்கும் உரிமை வார்ட்டில் நிற்கும் மகளுக்கும் உண்டு. மூலப்பிரதியை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். காட்டுங்கள், போட்டோ கொப்பி கொடுங்கள், திரும்பக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டு முகவர் கேட்டாலும் இதே பதில்தான். அந்த முகவருக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழை எடுப்பதைப் போலவே வைத்திருப்பதும் நமது லயங்களில் லேசான காரியம் அல்ல. கூரை ஒழுகும். லயத்தில் தீப்பிடித்தால் முதலில் போவது தகரப் பெட்டியில் இருக்கும் கடதாசிகள். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள், போனில் படமெடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பெயர்ப் பிரச்சினை தனி. பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, பாடசாலையில் லக்ஷ்மி, அடையாள அட்டையில் மூன்றாவது விதம். சிங்களத்தில் பதிந்ததைத் திரும்பத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது தகப்பன் பெயரே மாறிப்போன பிள்ளைகள் நமது வகுப்பறைகளில் நிறையப் பேர். பயிற்சிக்குப் பதியும் நாளில் எந்த எழுத்தைக் கொடுக்கிறோமோ அதுதான் சான்றிதழில் வரும். பிறகு கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாமல் நிற்கும். பிழையை இப்போதே பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் திருத்தக் கொடுங்கள். அலைச்சல்தான். விசா நேரத்தில் அலைவதைவிட இது குறைவு.

கோர்ஸ் எதுவும் செய்யாமலே ஆஸ்பத்திரிகளிலும் வயோதிபர் இல்லங்களிலும் வருடக்கணக்கில் வேலை செய்யும் அக்காமாருக்கு ஒரு வழி இருக்கிறது. முன் கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில், வேலையில் பழகிய திறமையை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி என்.வி.கியூ. பெறலாம். திரும்ப வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும்: சேவைக் கடிதம், சம்பளச் சீட்டு, சேமலாப நிதிக் கணக்கு விபரம். மேலே சொன்ன பிள்ளையும் இப்போது அந்த வழியில்தான் போகிறார். இரண்டு வருடச் சேவையை நிரூபிக்க அவரிடம் இருப்பது ஏழு சம்பளச் சீட்டும், கூட வேலை செய்த இரண்டு பேரின் கடிதமும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாரிடமும் தலைவிமாரிடமும் நாம் கேட்பது இதுதான். உங்கள் தோட்டத்தில் இவ்வருடம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளின் பெயர்களையும், வெளியூரில் பராமரிப்பு வேலை செய்யும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பணம் கட்ட நினைத்திருக்கும் இடத்தின் துண்டுப்பிரசுரம் இருந்தால் அதையும் கொண்டு வரச் சொல்லுங்கள். காரியாலயத்திலிருந்தே ஆணைக்குழுவுக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்துச் சொல்கிறோம். அதுவரை பணத்தைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.